எனாமல் கம்பியும் ஈயப் பற்றும்: கடைக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நெருங்கும் மாதங்களில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு புதுவித வாடிக்கையாளர் கூட்டம் வருவதுண்டு. கையில் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள். அதில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த பட்டியல். "காப்பர் ஒயர் 50 கிராம், பேட்டரி 2, பல்பு 1, காந்தம் 1." வியாபாரம் என்று பார்த்தால் சொற்பம். ஆனால் அந்தப் பையனோடு அவன் தகப்பனாரும் வருகிறார். அவர் வீட்டுக்கு மோட்டார் வாங்குவார், ஒயரிங் சாமான் வாங்குவார், மகள் கல்யாணத்துக்கு மின்விசிறி வாங்குவார். அந்த 50 கிராம் கம்பியில் நாம் நடந்து கொள்ளும் விதம் பல ஆண்டு வியாபாரத்தைத் தீர்மானிக்கும்.

சென்ற பருவத்தில் உறுப்பினர் ஒருவர் கடையில் நாம் உட்கார்ந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறோம். ஒரு தகப்பனார் கோபமாக வந்தார். கையில் சிறிய சுருள் கம்பி.

"அண்ணாச்சி, காப்பருன்னு சொல்லிக் குடுத்தீங்க. ஈயமே பிடிக்க மாட்டேங்குது. பையன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து அழுதான். இது டூப்ளிகேட் சரக்கு."

"சார், நல்ல சரக்குதான். வேற யாரும் குறை சொல்லலையே?"

"அப்ப பையன் பொய் சொல்றானா?"

வார்த்தை தடித்தது. நமது உறுப்பினர் நேர்மையானவர். சரக்கும் அசல் செம்புதான். ஆனாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். தகப்பனார் பணத்தை வாங்கிக் கொண்டு போனாரே தவிர, மனநிறைவோடு போகவில்லை. "போலிச் சரக்கு விற்கிற கடை" என்ற பெயர் அந்தத் தெருவுக்குள் போய்விட்டது. பையனின் கண்காட்சி மாதிரியும் நின்று போனது.

இங்கே பையனும் பொய் சொல்லவில்லை, சரக்கும் போலியில்லை. கம்பியின் மேலிருந்த எனாமலை உரிக்க வேண்டும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. விற்றவருக்கும் அது முழுதாகத் தெரியாது. ஒரு நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். அந்த ஒரு நிமிடப் பேச்சுக்கு வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத சட்டை

காயில் கம்பி, வைண்டிங் ஒயர், எனாமல் கம்பி என்று ஊருக்கு ஒரு பெயர் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். செம்புக் கம்பியின் மேல் மெல்லிய பிசின் பூச்சு ஏற்றிச் சூளையில் வைத்துப் பதப்படுத்தியது. அடுக்கடுக்காகச் சுற்றும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டு மின்சாரம் குறுக்கே ஓடிவிடாமல் காப்பதே இந்தப் பூச்சின் வேலை. 1831-ல் மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையத்தில் கம்பி சுற்றிய காலத்தில் இப்படிப்பட்ட கம்பி கடையில் கிடைக்கவில்லை. அவர் சுற்றுகளுக்கு இடையே நூற்கயிறும் பருத்தித் துணியும் வைத்துச் சுற்றினார். பின்னாளில் பட்டு நூலும் பருத்தி நூலும் சுற்றிய கம்பிகள் வந்தன. அதன் பிறகே எனாமல் வந்தது.

பி.வி.சி. உறை போட்ட ஒயரைப் பார்த்தால் உறை இருப்பது குழந்தைக்கும் தெரியும். எனாமல் கம்பியில் அப்படியில்லை. பூச்சு கண்ணாடி போல மெல்லியது. உள்ளே இருக்கும் செம்பின் நிறமே பளபளவென்று தெரிகிறது. வாங்குபவர் அதை வெறும் செம்பு என்றே நினைக்கிறார். நினைத்து, அப்படியே பல்பில் சுற்றுகிறார், விளக்கு எரிவதில்லை. அப்படியே ஈயம் வைக்கிறார். ஈயம் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடுகிறது.

நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரை நினைத்துப் பாருங்கள். வந்தவுடன் அவர் ஈயத்தைத் தேய்ப்பதில்லை. முதலில் பாத்திரத்தைத் தேய்த்துக் கறை போக்குவார். பிறகு அடுப்பில் சூடு காட்டுவார். நவச்சாரம் தூவுவார். அதன் பிறகே வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் துடைப்பார். நொடியில் பாத்திரம் வெள்ளியாகிவிடும். சுத்தமான உலோகம், போதுமான சூடு, கறை போக்கும் மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஈயம் பிடிக்கும். பெரிய அண்டாவுக்கு எது சட்டமோ அதுவே முடி போன்ற கம்பிக்கும் சட்டம்.

எல்லா எனாமலும் ஒன்றல்ல

பெரும்பாலான கடைகளில் தவறு இங்கேதான் தொடங்குகிறது. எனாமலில் பல வகை உண்டு. ஹாபி வேலைக்கு வாங்குபவர் முக்கியமாக இரண்டு வகைகளைப் பிரித்தறிந்தால் போதும்.

முதல் வகை பாலியூரிதேன் பூச்சு. இந்தப் பிசின் 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் கண்டுபிடித்தது. இதன் சிறப்பு, ஏறத்தாழ 370 முதல் 390 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய ஈயத்தில் நனைத்தால் பூச்சு தானே கருகி விலகி, அதே இடத்தில் ஈயம் பிடித்துவிடும். சுரண்ட வேண்டியதில்லை. ரீல் சீட்டில் "சால்டரபிள்" என்று போட்டிருப்பார்கள். ரேடியோ காயில், ரிலே, சிறு டிரான்ஸ்ஃபார்மர், ஹெட்போன் போன்ற நுண்ணிய வேலைகளுக்கு உரியது இது.

இரண்டாம் வகை, மோட்டாருக்கும் பம்ப்செட்டுக்கும் உரிய உயர்வெப்பக் கம்பி. பாலியெஸ்டர், பாலியெஸ்டர்-இமைடு, அதன் மேல் பாலியமைடு-இமைடு என்று இரட்டைப் பூச்சுப் போட்டவை. 180 வகுப்பு, 200 வகுப்பு என்று சொல்வது இவற்றில் பெரும்பாலானவற்றைத்தான். மோட்டார் சூடேறினாலும் கருகக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட பூச்சு. சாதாரண சால்டரிங் அயர்னின் சூட்டுக்கு அது அசைந்து கொடுக்காது. மணிக்கணக்கில் அயர்னை வைத்து அழுத்தினாலும் கம்பிதான் அறுந்து போகும். அயர்ன் முனைதான் கெட்டுப் போகும்.

வகுப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. அந்த எண் கம்பி எத்தனை டிகிரி சூட்டை நெடுங்காலம் தாங்கும் என்பதைக் குறிப்பது. 155 வகுப்பில் பாலியூரிதேனும் உண்டு, பாலியெஸ்டரும் உண்டு. 180 வகுப்பிலும் ஈயத்தில் கரையும் பாலியூரிதேன் கம்பி வருகிறது. ஆகவே எண்ணோடு பூச்சின் பெயரையும், "சால்டரபிள்" என்ற சொல்லையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சர்வதேச தரம் ஐ.இ.சி. 60317 என்ற வரிசையிலும், நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 13730 என்ற வரிசையிலும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பகுதி வைத்திருக்கின்றன. உதாரணமாக ஐ.இ.சி. 60317-20 என்பது 155 வகுப்பு சால்டரபிள் பாலியூரிதேன் கம்பி. 60317-13 என்பது 200 வகுப்பு இரட்டைப் பூச்சுக் கம்பி.

நிறத்தை நம்பலாமா? கூடாது. சிவப்பு, பச்சை, பொன்னிறம் என்று பாலியூரிதேன் கம்பிகள் வருகின்றன. கரும்பழுப்பு என்றால் பெரும்பாலும் மோட்டார் கம்பி. ஆனால் தயாரிப்பாளர் விரும்பிய சாயத்தைக் கலக்கலாம். நிறம் ஒரு குறிப்பு மட்டுமே, சாட்சி ஆகாது. ஒரு முழம் கம்பியை வெட்டி, அயர்னில் உருகிய ஈயத்துளிக்குள் ஐந்து நொடி வைத்துப் பார்ப்பதே சாட்சி. ஈயம் பிடித்தால் முதல் வகை. கறுத்துப் போய் ஈயத்தை உதறினால் இரண்டாம் வகை.

முன்பு சொன்ன பையனின் விஷயத்தில் நடந்ததும் இதுதான். கடையில் மோட்டார் வைண்டிங்குக்காக வைத்திருந்த பெரிய ரீலிலிருந்து 50 கிராம் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல செம்பு, உயர்ந்த பூச்சு, விலையும் அதிகம். ஆனால் அந்தப் பையனின் வேலைக்குப் பொருந்தாத சரக்கு. காயில் கட்டும் கடையில் மிச்சத் துண்டு கேட்டு வாங்கிப் போகும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

கத்தியும் உப்புத்தாளும்

வகை தெரியாதபோது கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய வழி சுரண்டுவது. எந்தப் பூச்சுக்கும் இது பொருந்தும். 26 கேஜும் அதைவிடத் தடித்ததும் ஆன கம்பிகளுக்கு இதுவே நல்ல வழி.

நைசான உப்புத்தாளை, 400 அல்லது 600 நம்பர், சிறு துண்டாக மடித்து அதன் நடுவே கம்பி முனையை வைத்து, இரு விரலால் அழுத்திப் பிடித்து, கம்பியை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். பத்துப் பதினைந்து இழுப்பில் முனை சுற்றிலும் இளஞ்சிவப்பாகி, மங்கலான பளபளப்பு வரும். ஒரு பக்கம் மட்டும் சுரண்டி விட்டு "உரித்துவிட்டேன்" என்று வருபவர்களே அதிகம். வெளிச்சத்தில் கம்பியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்; பூச்சு மீதியிருந்தால் அந்த இடம் கண்ணாடி போல் மின்னும்.

கத்தியாலும் பிளேடாலும் சுரண்டலாம். வெட்டுவது போல் பிடிக்காமல், கத்தியின் முதுகைச் சற்றே சாய்த்து, வருடுவது போல் இழுக்க வேண்டும். கம்பியில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் போதும்; இரண்டு முறை வளைந்ததும் அந்த இடத்திலேயே ஒடியும். இன்று வேலை செய்து, வாரம் கழித்து நின்று போகும் பல வானொலிப் பெட்டிகளில் இருக்கும் நோய் இந்த வெட்டுத்தான். முடி போன்ற 36, 40 கேஜ் கம்பிகளைக் கத்தியால் தொடவே வேண்டாம்.

சுரண்டியதும் தாமதிக்காமல் ஈயம் பூசிவிட வேண்டும். திறந்த செம்பு காற்றில் கறுக்கும். கைவியர்வை பட்டால் சீக்கிரமே கறுக்கும். அயர்னால் கம்பியைச் சூடேற்றி, ராசின் உள்ளிட்ட ஈயக்கம்பியை மறுபக்கத்தில் தொட்டால், ஈயம் கம்பி முழுவதும் பாய்ந்து வெள்ளிப் பூச்சாக நிற்கும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த ஈயம் 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 டிகிரி வாக்கில் முழுதும் உருகிவிடும். காரீயம் சேராத புதுவகை ஈயங்களுக்கு 217 முதல் 227 டிகிரி வரை வேண்டும். இவை ஈயம் உருகும் சூடுதான். எனாமலை உரிக்கும் சூடல்ல. ஈயம் உருகிவிட்டது என்பதாலேயே எனாமல் போய்விட்டது என்று நினைப்பதும் பலர் செய்யும் தவறு.

ஈயத்தாலேயே உரிப்பது

கம்பி பாலியூரிதேன் வகை என்று உறுதியானால் சுரண்டும் வேலை மிச்சம். நன்றாகச் சூடேறிய அயர்ன் முனையில் புது ஈயத்தை ஒரு மிளகு அளவு உருட்டி நிற்க வைக்க வேண்டும். கம்பியைப் புதிதாக வெட்டி, வெட்டிய முனையை அந்தத் துளிக்குள் நுழைக்க வேண்டும். வெட்டிய முனையில் செம்பு திறந்திருப்பதால் ஈயம் முதலில் அங்கே பிடிக்கும். சூடு அங்கிருந்து மேலேறப் பூச்சு கொப்பளித்துப் பின்வாங்கும். கம்பியை மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டே போனால் இரண்டு முதல் ஐந்து நொடிகளில் வேண்டிய நீளத்துக்கு ஈயம் ஏறியிருக்கும்.

கம்பியின் நடுவில் அயர்னை வைத்துத் தேய்ப்பது பயன் தராது. வெட்டு முனையிலிருந்து தொடங்குவதே சூட்சுமம். பழைய ஈயத்தில் ராசின் தீர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் புது ஈயம் சேர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் கருகிய துகள் கலந்த அந்தத் துளியை உதறிவிட்டு, ஈரப் பஞ்சில் முனையைத் துடைத்துப் புது ஈயம் தொட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் முனை கறுத்துப் போகும். "நீங்கள் கொடுத்த அயர்ன் சூடேறவில்லை" என்று அடுத்த புகார் வரும்.

அப்போது வரும் புகையைப் பற்றி வாடிக்கையாளரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பாலியூரிதேன் கருகும்போது ஐசோசயனேட் என்னும் நச்சு ஆவி வருகிறது. ராசின் புகையும் மூச்சுக்கு ஆகாது. தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரவழைக்கக் கூடியவை இவ்விரண்டும். சன்னலைத் திறந்து வைத்து, சிறு விசிறியால் புகையை முகத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுச் செய்ய வேண்டும். காரீயம் உள்ள ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு தின்னக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிறுவர்கள் என்றால் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பித்தளைப் பாத்திரத்துக்குப் போடும் நவச்சாரத்தையோ, தகரம் பற்றவைக்கும் ஆசிட்டையோ எலக்ட்ரானிக் வேலைக்குக் கொடுத்துவிடக் கூடாது. மிச்சம் தங்கிய உப்பு மெல்லிய செம்பைக் களிம்பேற்றி அரித்துத் தின்றுவிடும். "பேஸ்ட் கொடுங்க" என்று கேட்பவரிடம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்பது நம் கடமை.

செய்யக் கூடாதவை

வாய்வழியாகப் பரவியுள்ள சில வழிகளைப் பற்றியும் கேட்பார்கள். தீக்குச்சியால் கொளுத்துவது அவற்றில் முதலாவது. பூச்சு எரிவது உண்மைதான். ஆனால் செம்பு கறுத்து ஆக்சைடு ஏறும். மெல்லிய கம்பி இளகித் துவண்டு போகும். எரித்த பிறகும் உப்புத்தாள் போட்டே தீர வேண்டும் என்றால் எரிப்பானேன்?

பல இழைகளை முறுக்கிச் செய்த லிட்ஸ் கம்பி, ரேடியோவின் ஏரியல் காயிலில் வருவது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எனாமல் பூசியது. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இதைச் சாராய விளக்கில் செந்தணலாக்கி, உடனே ஸ்பிரிட்டில் முக்குவார்கள். சூடான செம்பின் மேலுள்ள ஆக்சைடை ஸ்பிரிட் ஆவி நீக்கிப் பளபளப்பாக்கிவிடும். விஞ்ஞானப்படி சரிதான். ஆனால் திறந்த ஸ்பிரிட் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தீ வைத்துக் கொள்ளும் வேலை வீட்டுக்கு ஏற்றதல்ல. பாலியூரிதேன் இழை லிட்ஸ் என்றால் ஈயத்துளி முறையே போதும். எல்லா இழையிலும் ஈயம் ஏறியதா என்று மட்டும் பார்க்க வேண்டும். சில இழைகள் விட்டுப் போனாலும் காயிலின் திறன் குறையும்.

தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரை மேல் கம்பியை வைத்து அயர்னால் சுடுவது இன்னொரு வழி. உருகிய மாத்திரையின் அமிலம் சிலவகைப் பூச்சுகளை விலக்கும். கண்ணையும் மூக்கையும் எரிக்கும் ஆவி கிளம்பும். மிச்சத்தைத் துடைக்காவிட்டால் கம்பியை அரிக்கும். நம் கடையிலிருந்து இந்த யோசனை போக வேண்டாம்.

தொழிற்சாலைகளில் புழங்கிய சில எனாமல் நீக்கும் திரவங்களில் மெத்திலீன் குளோரைடு, ஃபீனால் போன்றவை உண்டு. தோலையும் நுரையீரலையும் பாதிப்பவை இவை. மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் நீக்கிகளைப் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்பதை அமெரிக்கா 2019-ல் தடை செய்தது. நாமும் இவற்றை ஹாபி வாடிக்கையாளருக்கு எடுத்து நீட்ட வேண்டாம்.

பாதி உரிக்க வேண்டிய இடம்

கண்காட்சிகளில் அதிகம் செய்யப்படும் மாதிரி, ஒரே ஒரு 1.5 வோல்ட் செல்லில் ஓடும் சிறு மோட்டார். 22 கேஜ் கம்பியைச் செல்லைச் சுற்றிப் பத்து முதல் பதினைந்து சுற்றுச் சுற்றி வளையமாக்கி, இரு முனையையும் எதிரெதிராக நீட்டி, இரண்டு ஊக்குகளின் காதில் தாங்க வைத்து, கீழே காந்தம் வைப்பார்கள். "சுத்தவே மாட்டேங்குது சார்" என்ற புகார் இதில்தான் அதிகம்.

காரணம் இதுதான். ஒரு முனையில் எனாமலைச் சுற்றிலும் உரிக்க வேண்டும். மறு முனையில், வளையத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பிடித்து, மேல்பாதியை மட்டும் உரித்து, கீழ்ப்பாதி எனாமலை அப்படியே விட வேண்டும். அப்போது பாதிச் சுற்றுக்கு மின்சாரம் பாய்ந்து வளையத்தைத் தள்ளும். மறுபாதியில் மின்சாரம் நின்று, வந்த வேகத்திலேயே வளையம் சுற்றி வரும். இரண்டு முனையையும் முழுதாக உரித்துவிட்டால், முதல் பாதியில் தள்ளிய விசை அடுத்த பாதியில் திருப்பித் தள்ளும். வளையம் ஊஞ்சல் போல் ஆடும், சுற்றாது. உரிக்காமல் விட்ட பாதி எனாமல்தான் மோட்டாரை ஓட்டுகிறது. இதைக் கடையிலேயே செய்து காட்டினால் பையன் கண்ணில் தெரியும் மகிழ்ச்சிக்கு விலையில்லை.

செம்பா, அலுமினியமா?

ஈயம் பிடிக்கவில்லை என்ற புகாரில் சில சமயம் உண்மையாகவே சரக்கின் மேல் குற்றம் இருக்கும். எனாமல் பூசிய அலுமினியக் கம்பியும் சந்தையில் உண்டு. அது தவறான சரக்கல்ல; மலிவான மின்விசிறிகளிலும் மோட்டார்களிலும் முறையாகவே பயன்படுகிறது. சாயம் ஏற்றிய எனாமல் மேலே இருப்பதால் பார்வைக்குச் செம்பு போலவே தோன்றும். ஆனால் சாதாரண ஈயமும் ராசினும் அலுமினியத்தில் பிடிக்காது. அதைச் செம்பு என்று விற்பதுதான் குற்றம்.

சோதிப்பது எளிது. உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டினால் செம்பு சிவக்கும், அலுமினியம் வெளுக்கும். செம்பு ஏறத்தாழ 3.3 மடங்கு கனம். ஒரே அளவு ரீல் கையில் எடுத்தால் பஞ்சாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மேலே செம்பு போர்த்திய அலுமினியமும் வருகிறது. அதன் வெட்டு முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில் வெள்ளை தெரியும். மொத்த வியாபாரியிடம் ரீல் வாங்கும்போதே இதைப் பார்த்துவிட்டால் பின்னால் தலைகுனிய வேண்டியதில்லை.

கடையில் செய்ய வேண்டியவை

நாம் மேலே சொன்ன பெரும்பாலான சிக்கலுக்கு வேர் ஒன்றே. தொழிற்சாலையிலிருந்து வரும் ரீலில் சீட்டு இருக்கிறது. அதில் கேஜ், பூச்சு, வகுப்பு எல்லாம் இருக்கின்றன. நாம் அதிலிருந்து 50 கிராம் சுற்றி, பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கும்போது சீட்டு கடையிலேயே தங்கிவிடுகிறது. வாங்கியவர் கையில் பெயரில்லாத கம்பி போகிறது.

ஆகவே சில்லறையாகச் சுற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு சுருளிலும் ஒரு சிறு சீட்டு ஒட்டுங்கள். கேஜ், செம்பா அலுமினியமா, பூச்சின் பெயர், "ஈயத்தில் உரியும்" அல்லது "சுரண்டி உரிக்கவும்" என்ற நான்கு செய்தி போதும். பில் புத்தகத்தின் அடித்தாளை வெட்டினாலே சீட்டு ஆகிவிடும்.

இரண்டாவது, ஹாபி வாடிக்கையாளருக்கென்று சால்டரபிள் பாலியூரிதேன் கம்பியில் இரண்டு மூன்று கேஜ் தனியாக வாங்கி வையுங்கள். மோட்டார் ரீலிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, எடைக்கு விற்கும் சரக்கில் நீளம் கேட்பவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 100 கிராம் செம்புக் கம்பி, 22 கேஜில் சுமார் 28 மீட்டர், 26 கேஜில் சுமார் 68 மீட்டர், 30 கேஜில் சுமார் 143 மீட்டர், 36 கேஜில் சுமார் 380 மீட்டர் வரும். எனாமலின் எடையும் சேர்வதால் இதில் கொஞ்சம் குறையும். பத்து மீட்டர் தேவைப்படும் பையனிடம் கால் கிலோ விற்காதீர்கள். பத்து மீட்டர் கொடுங்கள், அடுத்த ஆண்டும் வருவான்.

நான்காவது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மல்டிமீட்டர், அல்லது ஒரு டார்ச் செல்லும் பல்பும். கம்பியின் இரு முனையையும் தொட்டுப் பல்பு எரிந்தால் உரித்தது சரி. புகாரோடு வருபவர் முன்னால் இதைச் செய்து காட்டினால் வார்த்தை வளராது.

ஐந்தாவது, கம்பி கேட்பவரிடம் நைஸ் உப்புத்தாள் ஒரு துண்டு சேர்த்துக் கொடுங்கள். விலை போடுவதோ இனாமாகக் கொடுப்பதோ உங்கள் விருப்பம்.

சட்டமும் இதையே கேட்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை பற்றித் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று அது சொல்கிறது. தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவருக்குக் கொண்டு சேர்க்காமல் விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால், விற்பவரும் பொறுப்பாளியாகக் கூடும். ஆகவே அந்தச் சிறு சீட்டு நமக்கே காப்பு.

சென்னை ரிச்சி தெருவில் இப்படிப்பட்ட பொருள்களுக்கென்றே கடைகள் வரிசையாக உள்ளன. இணையத்தில் சொன்னாலும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அப்படியிருக்க, நம் ஊர்க் கடைக்கு ஒருவர் ஏன் வர வேண்டும்? கேட்ட கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொல்லவும், கம்பியைச் சுரண்டிக் காட்டவும் ஒரு மனிதர் இங்கே இருக்கிறார் என்பதால்தான். அந்த ஒன்றை நாம் விட்டுவிட்டால் நம்மிடம் வேறென்ன மிச்சம்?

முதலில் சொன்ன உறுப்பினர் சும்மா இருக்கவில்லை. விவரம் தெரிந்த பிறகு, பில்லில் இருந்த முகவரியைப் பார்த்து, 22 கேஜ் சால்டரபிள் கம்பி கொஞ்சமும் ஒரு துண்டு உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போனார். "தம்பி, தப்பு உன்மேல இல்லை. நான்தான் சொல்லிக் குடுக்கலை" என்று சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து ஒரு முனையை முழுதாகவும் மறு முனையைப் பாதியாகவும் உரித்துக் காட்டினார். வளையம் சுற்றியது. கண்காட்சி முடிந்து போயிருந்தது. ஆனாலும் பையன் அதை நிறுத்த மனமில்லாமல் செல் தீரும் வரை பார்த்துக் கொண்டிருந்தானாம்.

அடுத்த மாதம் அந்தத் தகப்பனார் கடைக்கு வந்தார். வாங்கியது ஒரு டஜன் சுவிட்ச். போகும்போது, "அண்ணாச்சி, பையனுக்கு இன்னும் ஒரு அம்பது கிராம் போடுங்க, அதே கம்பி" என்றார். இம்முறை சுருளில் சீட்டு ஒட்டியிருந்தது.